எல்லா வரியிலும் என் பெயர்

கண்ணுக்கே தெரியாத ஒரு குறியால் வேலை போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் பாதிக் கணினிகளில் விண்டோஸ், மீதியில் லினக்ஸ். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும். லினக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். திரையில் எதுவும் தெரியாது. ஆனால் எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் கிட் இருக்கிறதே, அதற்கு ஒரு குறி குறைந்தாலும் வரியே மாறிய மாதிரி. தினமும் இந்தக் கூத்து. பொறுக்க முடியாமல் போன வருடம் எல்லா நிரல் கோப்புகளிலும் வரி முடிவுக் குறியை ஒரே மாதிரி ஆக்கினேன். ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஒன்பதாயிரம் வரிகளும் என் பெயருக்கு வந்துவிட்டன. "முழுசா நீயே எழுதினியாக்கும்!" என்று கிண்டலடித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அத்தான்தான் எங்கள் குழுத் தலைவர். அக்காவைக் கட்டியவர், எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர். சர்வர் மாற்றியபோது, யார் எதை எழுதினார்கள் என்று கிட்டில் இருந்த, என் மாற்றத்துக்கு முந்தைய பதிவுகள் எதற்கு என்று வெட்டிவிட்டார். பழைய கணினிகளில் இருந்த நகல்களையும் அழித்தாயிற்று.

போன வாரம், ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் எங்கள் மென்பொருள் ஒரு வண்டியை வேறு தெருவுக்கு அனுப்பியது. நாற்பது நிமிடம் தாமதம். காத்திருந்தவர் இறந்துபோனார். ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள் என்கிறது ஒரு வரி. அத்தான் அதை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "இப்போதைக்கு இது போதும்டா" என்றார். நானும் தலையாட்டினேன்.

விசாரணையில் மேலாளர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"உங்க பேருதானே போட்டிருக்கு?"

"வரி முடிவை மட்டும்தான் சார் மாத்தினேன். எழுதினது நான் இல்லை."

"அப்ப யாரு?"

அத்தானைப் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இது எட்டாம் மாதம். அவராகவே வாய் திறப்பார் என்று நம்பினேன்.

"தெரியலை சார்," என்றேன்.

அப்போதுதான் அத்தான் வாய் திறந்தார். "அவன் கொஞ்சம் அவசரக்காரன் சார். பாக்காம சேர்த்திருப்பான்."

அன்றே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே? ஒரு உயிரே போயிடுச்சாமே! உங்க அத்தானால வெளியில தலைகாட்ட முடியலை. பாவம்டா அவரு, சாப்பிடக்கூட இல்லை."

அவளே தொடர்ந்தாள்.

"குழந்தை பிறந்தாக்கூட நீ இங்க வராதே."

"சரிக்கா," என்றேன்.