ஐம்பத்துமூன்றாம் இருக்கையில் துண்டு

தன் மனைவியின் தொண்டைக்குள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததாகவும், உள்ளே காற்றோட்டம் பிரமாதம் என்றும் தணிகாசலம் சொன்னார். மரக்காணம் மொத்தமும் நம்பியது. உப்பளத்து ஆட்கள் நம்பினார்கள். போஸ்ட்மேன் நம்பினார். பஸ் ஸ்டாண்டு நாய் முழுசாக உட்கார்ந்து கேட்டது, தலையாட்டிவிட்டுப் போனது.

நம்பாதவர் ஒரே ஒருவர். மனைவியின் தம்பி பூவராகன். அவர் எடையளவு ஆய்வாளர். தராசில் ஏறாத எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. தன் கல்யாணம் நடந்ததையே தாலியை நிறுத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

"தொண்டைக்குள்ள போனீங்களா மாமா? எத்தினி கிலோ?"

"அதெல்லாம் பாத்துகினா மச்சான் போவாங்க?"

"அப்ப போவல."

நடந்தது இதுதான்.

அமிர்தவல்லியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது. அதைத் தீர்க்க நூற்று முப்பத்தொன்று எடையுள்ள அயோடின் உள்ளே போக வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை சாதாரண அயோடின், அதாவது உப்பில் இருப்பது, கிட்டேயே வரக்கூடாது. அது போய் இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றதற்கு இடம் இருக்காது.

"அடைச்சிகிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"முதல்ல அவங்க குரல் போகும். அப்புறம் அவங்க போவாங்க."

தணிகாசலம் உப்புக் கம்பெனியில் உப்பின் மேல் அயோடின் தெளிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பந்தியில் அவர் தும்மினால் எதிர் வரிசைக்கு உப்பு வைக்கத் தேவையில்லை. அதனால் அமிர்தவல்லி துணைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். "நீங்க வராதீங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

அவர் மறுநாளே பஸ் ஏறினார்.

அந்த பஸ்ஸில் தனிமத்துக்கு ஒன்றாக நூற்றுப் பதினெட்டு இருக்கைகள் இருந்தன. கூட்டம். தணிகாசலம் எப்போதும்போல ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். அது அயோடினுக்குரிய ஐம்பத்துமூன்றில் விழுந்தது. ஏறிப் போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் தணிகாசலம். அதே வழுக்கை, அதே காது முடி, அதே கோடு போட்ட சட்டை. மடியில் மட்டும் நாலு பேர் கூடுதலாக இருந்தார்கள்.

"இது நம்ம சீட்டு" என்றார் தணிகாசலம்.

"ஆமா, நம்ம சீட்டுதான்" என்றார் மற்றவர்.

கண்டக்டர் வந்தார். "ஓரிடத்தானுங்களா, ஐசோடோப்பா? ஒரே நம்பர், ஒரே சீட்டு, எடைதான் வேற. நெருக்கி உக்காருங்க."

மடியில் இருந்த நாலு பேரும் நியூட்ரான்கள், எந்தப் பக்கமும் சேராதவர்கள். பேசவில்லை. கையாட்டவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று தணிகாசலம் ஆயுள் முழுக்க பயந்தது இவர்களுக்குத்தான். நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஒருவருடைய பல்லில் கீரை ஒட்டியிருந்தது.

"உபயோகம் சொன்னாத்தான் டிக்கெட்டு" என்றார் கண்டக்டர்.

பதினைந்தாம் இருக்கை பாஸ்பரஸ், "நெல்லுப் பயிரு தின்ன உரத்த எங்க வச்சிருக்குன்னு காட்டிக் குடுப்பேன்" என்றார். இருபத்தேழில் இருந்த கோபால்ட் அம்மாள், "வெளிய இருந்தே கட்டியப் பொசுக்குவேன்" என்றாள். தொண்ணூற்றைந்தில் ஒருவர், "புகைய மோந்து மணியடிப்பேன்" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். மற்ற தணிகாசலம், "தொண்டைக்குள்ள போயி மிச்சத்தத் தீப்பேன்" என்றார்.

கண்டக்டர் இவர் பக்கம் திரும்பினார்.

"சும்மாதான் இருக்கேன்" என்றார் தணிகாசலம்.

"கேக்கல பெரியவரே."

"சும்மா இருக்கேன்!"

பஸ் அமைதியானது. இன்ஜின்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஓடியது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தணிகாசலத்துக்குக் காது மடல் கொதித்தது. அதில் ஒரு ஆள் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். கார்பன் பதினான்கு. யாரையும் ஒரு பார்வை பார்த்து வயதைச் சொல்லி உள்ளே விடுவது அவர் வேலை. தணிகாசலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சொல்ல முடியாதுங்க. நீங்க இன்னும் சாவல."

"மன்னிச்சுக்குங்க" என்றார் தணிகாசலம்.

"பரவால்ல. அடுத்த தடவ வரச்சொல்ல பாத்துக்கலாம்."

உள்ளே தாழ்வாரம் எட்டு நாள் நீளம் இருந்தது. இரண்டு தணிகாசலமும் நடந்தார்கள். பழைய தணிகாசலம் அப்படியே இருந்தார். மற்றவர் நடக்க நடக்கக் கரைந்தார். முதலில் சட்டை தொளதொளத்தது. பிறகு வேட்டி தரையில் புரண்டது. தாழ்வாரம் முடிந்தபோது சரியாகப் பாதி ஆள்தான் மிச்சம். நாலு பேரும் இறங்கி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

கடைசியில் ஈயக் கதவு. பக்கத்தில் ஒரு ஜன்னல். உள்ளே கட்டிலில் அமிர்தவல்லி. பக்கத்தில் பூவராகன் எடை மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் யோசிக்கவில்லை. சும்மா இருக்கிறவன் என்று பஸ் பூராவும் கேட்டாகிவிட்டது. இப்போது தன் பெண்டாட்டி தொண்டைக்குள் தன் கண் முன்னாலேயே இன்னொருத்தன் போய் உட்காரப்போகிறான். அது தானேயானாலும் இன்னொருத்தன் இன்னொருத்தன்தான். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார்.

அது அவள் கழுத்தில் விழுந்தது. அவர் உள்ளே இருந்தார்.

பட்டாம்பூச்சி வடிவத்தில் சின்ன அறை. ஒரே இருக்கை, இளஞ்சூடு. உட்கார்ந்தால் எழத் தோன்றாது. அமிர்தவல்லி பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் தலைக்கு மேலே வரிசையாக வெளியே போனது.

"இது யார் துண்டு?" என்று நர்ஸ் கேட்பது கேட்டது. தணிகாசலம் இருக்கையில் இன்னும் ஒடுங்கிக்கொண்டார். "உள்ள ஆள் இருக்குபோல. இடமில்லையே" என்றாள் நர்ஸ். கதவுக்கு வெளியே மற்றவர் கரைந்துகொண்டிருந்தார். முழங்கால் போய்விட்டது.

அமிர்தவல்லி பேசினாள். குரல் ஏற்கெனவே கம்மிப்போயிருந்தது.

"அவரு வந்தா வையாதீங்க சிஸ்டர். எங்க எடத்தக் கண்டாலும் துண்டப் போட்டுருவாரு. எனக்கோசரந்தான் போடுவாரு. அப்பறம் அவரே உக்காந்துக்குவாரு."

மற்ற சொற்களெல்லாம் ஒழுங்காக மேலே போயின. கடைசிச் சொல் மட்டும் வழுக்கி அவர் வழுக்கையில் விழுந்தது.

அவள் கொட்டாவி விட்டாள். அந்த இடைவெளியில் தணிகாசலம் வெளியே எட்டிப் பார்த்தார். நாலு பேரும் ஜன்னலோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பார்.

எழுந்தார். துண்டை உதறி முக்காடு போட்டுக்கொண்டார். ஒரு இருமலோடு வெளியே வந்தார். மற்றவர் நன்றி சொல்லாமல் உள்ளே போனார். நாலு பேரும் காலைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

அதன் பிறகு உள்ளே டிக் டிக்கென்று வேலை நடந்தது. தணிகாசலம் தாழ்வாரத்தின் மறுமுனையில் முக்காட்டோடு குந்தியிருந்தார். வேலை முடிந்ததும் மற்றவர் மூச்சுக்காற்றாக வெளியே வந்தார். நிறமில்லை. யாரோடும் ஒட்டவில்லை. ஜன்னல் வழியாகப் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு குரல் தாழ்வாரம் முழுக்க அதிர வந்தது. ஜன்னல் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டது.

"ஏங்க! அங்க இன்னாத்துக்கு முக்காடு போட்டுகினு குந்திகினு கீறீங்க? பசிக்குது!"

அது அமிர்தவல்லியின் முழுக் குரல். தணிகாசலம் முக்காட்டை அவிழ்த்துக்கொண்டு சாப்பாடு வாங்க ஓடினார்.

ஊரில் அவர் முதல் பாதியை மட்டும்தான் சொன்னார். உள்ளே போனது, உட்கார்ந்தது, காற்றோட்டம். ஒருநாள் டீக்கடை கன்னையன் வெள்ளந்தியாகக் கேட்டான்.

"அப்பறம் எப்பிடி வெளிய வந்தீங்க? யாராச்சும் வந்து எழுப்புனாங்களா?"

தணிகாசலம் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"பொய்யிப்பா" என்றார். "நான் போவவே இல்ல."

மரக்காணம் மொத்தமும் அந்த நிமிஷமே நம்பிக்கையை விட்டது. போஸ்ட்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய் எழுந்து போனது.

பூவராகன் தன் கிளாஸைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"போனாரு. அன்னிக்கு அக்காவ நான் மிஷின்ல ஏத்தி நிறுத்துகினு இருந்தேன். இவரு கனமும் சேத்துத்தான் காட்டிச்சி. எனக்கு ஒத்துக்க வெக்கம்." அவர் மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "எந்திரிங்கன்னு யாரும் சொல்லல. முள்ளு தானா எறங்கிச்சி."