அக்காவின் வலது கை

ஐந்தாவது ஹெட்போனையும் கழற்றி அக்கா மேசைமேல் வைத்தாள். தம்பிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"இதுவும் சரியில்ல. வலது கையை அப்படியே முழுங்கிடுது."

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். ஊரில் எத்தனை லிஃப்ட் பாதி வழியில் நிற்கிறதோ, இவன் லீவு போட்டுவிட்டு அக்கா பின்னால் கடை கடையாக ஏறி இறங்குகிறான். இது மூன்றாவது கடை.

காரணம் இல்லாமல் இல்லை. அடுத்தவர் பாட்டுக்குப் பியானோ வாசித்தே முடி நரைத்தவளுக்கு, தனக்கென்று ஒரு ஆல்பம் இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அவள் சரி என்று சொன்னால் வெளியாகிவிடும். சொன்னால்தானே. வலது கை வாசிப்பு அமுங்கிக் கிடக்கிறது என்று ஒலிப்பதிவாளரை மூன்று தடவை திருத்த வைத்தாள். அவரும் மனிதர்தானே. நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு இன்று சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கம்பெனி கைகழுவிவிடும் என்று சொல்லிவிட்டார். ஊரே நன்றாக இருக்கிறது என்றாலும் அக்கா கேட்க மாட்டாள். தன் காதைத் தவிர வேறொருவர் காதை நம்பி அவளுக்குப் பழக்கமில்லை.

கடைக்காரர் ஹெட்போனின் பஞ்சுறையைத் துணியால் துடைத்தபடி பொறுமையாக விளக்கினார். "நீங்க பியானோ முன்னாடி உக்காந்தா எப்படிக் கேக்குமோ அப்படியே பதிவு பண்ணியிருக்காங்க மேடம். இடது கை இடது காதுல, வலது கை வலது காதுல. எனக்கு ரெண்டும் நல்லாவே கேக்குது."

"உங்களுக்குக் கேக்கும்," என்றாள் அக்கா. அதை அவள் சொன்ன விதத்தில் அந்த மனிதருக்கு முகம் சுருங்கிப்போனது.

தம்பி வாங்கிக் கேட்டான். மணி மணியாக விழுந்தது வலது கை. இசையில் அவன் ஞானசூனியம்தான், ஆனால் செவிடு இல்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான்.

"என்னடா சொன்ன?"

"ஒண்ணுமில்ல. கடைசியா ஒரு தடவை கேட்டுத் தொலை."

அக்காவுக்கு எதிரே நின்ற தம்பி, கையில் இருந்த ஹெட்போனை அப்படியே அவள் தலையில் மாட்டிவிட்டான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மலர்ந்தது.

"இதோ, வலது கை. இதைத்தானேடா இவ்வளவு நேரமா கேட்டேன்?" பிறகு புருவம் நெரிந்தது. "இடது கையைக் காணோமே."

கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "சார், இடது வலது மாத்தி மாட்டிட்டீங்க."

அக்கா தானே கழற்றி நேராக மாட்டிக் கேட்டாள். மறுபடி மாற்றி மாட்டினாள். மறுபடி நேராக. எந்தக் கை வலது காதுப் பக்கம் போனாலும் அந்தக் கை காணாமல் போனது. தம்பி தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போல் நின்றான். அந்தப் பழமொழியை எப்படித் திரும்ப விழுங்குவது?

"அக்கா, டாக்டர்கிட்ட..."

"போலாம். இரு."

அவள் போனை இடது காதில் வைத்தாள். மறுமுனையில் ஒலிப்பதிவாளர், அடுத்த திருத்தம் என்னவோ என்ற சலிப்போடு, "சொல்லுங்க மேடம்," என்றது தம்பிக்கும் கேட்டது.

"அந்த வலது கை," என்றாள் அக்கா. "உங்களுக்கு நல்லா கேக்குதா?"

"எனக்கு அருமையா கேக்குது மேடம். முதல்லேருந்தே அதைத்தான் சொல்றேன்."

"அப்ப சரி," என்றாள். "வெளியிட்டுடுங்க."