விராலுக்கு எத்தனை விரல்

செவ்வாய்க்கிழமை என் பெயரை ஒரு விரால் விழுங்கிவிட்டது. கண்மாய்க்கரையில் நின்றிருந்தேன். எதிர்க்கரையிலிருந்து ஒருவர் நான் யாரென்று கேட்டார். பெயரைச் சொன்னேன். காற்று இல்லாததால் அது பாதித் தூரத்திலேயே தண்ணீரில் விழுந்தது. விரால் மேலே வந்தது, வாயைத் திறந்தது, போய்விட்டது. சித்திரை மாதத்தில் இப்படி நடப்பதுதான்.

புதன்கிழமை தாலுகா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் பெயரைப் பிடித்துக் காட்ட வேண்டும். தவறினால் அது வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும். பெயரோடு வீடு. வீட்டோடு மனைவி. கடிதத்தில் முகவரி சரியாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

என் மனைவி செண்பகத்துக்கு என் பெயர் தெரியும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. இப்போதாவது சொல் என்றேன்.

"புருசன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்ங்க."

"சொல்லலைன்னா புருசனே குறைவான்."

"அதுக்காக இந்த வயசுல புதுப் பழக்கம் பழக முடியுமா? போய்ப் பிடிங்க. உச்சிக்கு மோர் கொண்டாரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் தூண்டில் கம்பும் டப்பா நிறையத் தவளையுமாகப் போனேன். தாலுகா அலுவலகத்தின் வராந்தா கண்மாய்க்கரை வரை நீண்டிருந்தது. வெயிலில் தண்டவாளம் நீளும்போது வராந்தா நீளாதா. அதன் கடைசியில் மேசை போட்டு எழுத்தர் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கருப்புக் குடை. அதை யாரும் பிடித்திருக்கவில்லை.

"தூண்டில் போட மனு எழுதணும். பேரு?"

"அதைப் பிடிக்கத்தாங்க வந்திருக்கேன்."

"பேரில்லாம மனு வாங்க முடியாது. மனு இல்லாம தூண்டில் போட முடியாது."

"தூண்டில் போடாம பேரு வராது."

"எல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கே." அவர் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு போட்டு முத்திரை குத்தினார்.

மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என் உயரம். என் சட்டை. வரிசையில் அடுத்து நிற்பவர் என்பதால் அவரை எல்லோரும் அடுத்தவர் என்றே அழைத்தார்கள்.

"வாங்கண்ணே. அவசரமில்ல. நிதானமாப் பிடிங்க."

அவர் ஈர்க்குச்சியால் மணலில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. பெயர் வர வேண்டிய இடம் காலி. கீழே நான் இழுக்கும் கோடும் இரண்டு புள்ளியும் அப்படியே இருந்தன. என்னுடையதைவிட நன்றாக வந்திருந்தது.

அமலோற்பவத்திடம் முறையிட்டேன். "அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாதுன்னு இவருக்குச் சொல்லுங்க."

"உச்சிக்கு அப்புறம் அது அடுத்தவர் பொருள்தான். நீங்கதான் ஆசைப்படக் கூடாது."

கரையில் ஒற்றைப் பனைமரம் நின்றது. அதன் நிழல் அடிமரத்துக்கு வந்து சேர்ந்தால் உச்சி. நிழல் வந்துகொண்டிருந்தது.

தவளையை முள்ளில் கோத்துத் தாமரை இலைகளுக்கு நடுவே வீசினேன். தண்ணீர் ஆறிய டீ நிறத்தில் கிடந்தது. கரைமண் செருப்பைத் தாண்டிச் சுட்டது. விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். ஒவ்வொரு முறை வரும்போதும் யாரோ என்னைக் கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவதுபோல் சத்தம் கேட்டது. தவளையை அது தொடவில்லை. இரண்டாவது தவளையையும் தொடவில்லை. மூன்றாவது தவளை முள்ளிலிருந்து தானாக இறங்கிப் போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

"வீட்டுல காலையில காப்பியாண்ணே, டீயா?" என்றார் அடுத்தவர்.

"சொல்ல மாட்டேன்."

"எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"பரவால்ல. போய்ப் பாத்துக்கறேன்."

நிழல் வழியில் ஒருமுறை தண்ணீர் குடிக்க நின்றது. அதில் எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது.

அப்போது தூண்டிலின் தங்கூசி நரம்பு அசைந்தது. இரையைக் கவ்வும் இழுப்பு இல்லை. இரண்டு இழுப்பு, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். விரலைப் பிடித்தால் விலை. சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஏழு வயதிலிருந்து நான் அந்தத் துண்டுக்குள் வளர்ந்தவன். கண்மாய் என்பது கொஞ்சம் அகலமான துண்டு, அவ்வளவுதான்.

கம்பை வைத்துவிட்டு வலது கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டேன். விரால் வந்து நான்கு விரலைக் கவ்வியது.

நான்கு கேட்கிறது.

எதில் நான்கு என்று கேட்டிருக்க வேண்டும். துண்டுக்குள் கையை விட்டபின் அதைக் கேட்பவன் சந்தைக்குப் புதியவன். நான் புதியவன் இல்லை. கேட்ட விலைக்கு வாங்கும் வழக்கமும் எங்கள் குடும்பத்தில் இல்லை. இரண்டு விரலை மடக்கிக்கொண்டு இரண்டை மட்டும் நீட்டினேன்.

விரால் உடனே ஒத்துக்கொண்டது. எதிராளி உடனே ஒத்துக்கொண்டால் பேரத்தில் எங்கோ ஓட்டை என்று அப்பா சொல்வார்.

கையை வெளியே எடுத்தேன். மூன்று விரல் இருந்தது. வலி இல்லை. மோதிரத்தைக் கழற்றியதுபோல் இருந்தது. மோதிரமும் போயிருந்தது. உள்ளங்கையில் என் பெயர், வழவழப்பாக.

மேசையில் வைத்தேன். அமலோற்பவம் குடைக்கம்பியால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"பாண்டின்னு இருக்கு. உங்க பேரு பாண்டித்துரைல்ல?"

"ஆமாங்க." செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதை இப்போதுதான் கேட்கிறேன்.

"வால் பக்கத்தைக் காணோமே."

"நாலு கேட்டுச்சு. ரெண்டுக்கு முடிச்சேன்."

"பாதி விலைக்குப் பாதி மாடுதான் வரும்." அவர் மறுபடி எண்ணினார். "பாண்டி இங்க இருக்கு. துரை அங்க இருக்கு. நடுவுல ஒரு 'த்' வரணுமே?"

தண்ணீரில் விரால் ஒருமுறை புரண்டது.

"சரி, அது தரகு," என்று எழுதிக்கொண்டார்.

நிழல் அடிமரத்துக்கு வந்து உட்கார்ந்தது. விரால் தலையைத் தூக்கி மீதிப் பெயரைக் கரையில் துப்பியது. அமலோற்பவம் அதை எடுத்துத் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்.

"துரை, நீங்க இப்படி நிழலுக்கு வாங்க. பாண்டி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். கால் தானாகத் தள்ளியது.

"வீடு யாருக்குங்க?" என்றேன்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க. வீட்டுக்காரம்மா வந்து கூப்பிட்டதும் யாரு போறாங்களோ அவங்களுக்கு முத்திரை குத்திருவேன்." முத்திரையை ஈரப் பஞ்சில் வைத்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

நான் அடுத்தவரிடம் போனேன். இனி அவரைத் துரை என்றுதான் சொல்ல வேண்டும். "உங்க பாதியை எனக்குக் குடுத்துருங்க. வாய்ப்பேச்சு வேண்டாம். துண்டு போடுவோம்."

"போடலாமே," என்றார். தான் உட்கார்ந்திருந்த துண்டை உதறி எங்கள் கைகள்மேல் போட்டார். உள்ளே அவர் கை குளிர்ச்சியாக இருந்தது. அவர் என் விரல்களைத் தடவி எண்ணினார். அப்புறம் நான்கு கேட்டார்.

என்னிடம் மூன்றுதான் இருந்தது. அது அவருக்குத் தெரிந்துதான் கேட்டார். நல்ல வியாபாரி. என் பெயர் வீணான கையில் போய்ச் சேரவில்லை.

"ஏங்க."

இருவரும் திரும்பினோம். வராந்தா வழியாகச் செண்பகம் வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு சொம்பு. அவள் வர வர வராந்தா நீண்டது. நாங்கள் துண்டோடு காத்து நின்றோம். கடைசியில் வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இருவருக்கும் நடுவில் சொம்பை நீட்டினாள்.

தவளை கோத்தபோது எனக்கு இடது கையில் தூண்டில் முள் குத்தியிருந்தது, சொம்பைப் பிடிக்க வராது. அவருக்கு இடது கை சும்மா இருந்தது. வாங்கிக் குடித்தார்.

"உப்புப் போதுமாங்க?" என்று செண்பகம் அவரிடம் கேட்டாள்.

அமலோற்பவம் முத்திரையைத் தாளுக்கு மேலே கொண்டுவந்தார்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் உச்சியில் அதே கேள்வி, அதே பதில். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். வேறு எதைச் சொன்னாலும் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவாள். துரையின் நெற்றியில் முதல்முறையாக வியர்வை வந்தது.

துண்டுக்குள் அவர் விரல் அசைந்தது. என் விரல் ஒன்றைப் பிடித்தார். அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு விரல் தருகிறார்.

நானே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். சொம்பும் வீடும் என் பக்கம் வந்திருக்கும். ஆனால் கேட்கிற ஆள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சரக்கைச் சும்மா கொட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

"கேக்குறேன்ல," என்றாள் செண்பகம்.

அவர் என் ஒற்றை விரலை அழுத்தினார். நான் அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன்.