ஜெயசுதனுக்கு முன்னால் ஒரு சொல்

மீன் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதை அடித்தவளே நான்தான். முதல் நாள் பின்னேரம் என் கையால் தட்டி, மூன்று தரம் வாசித்து, அச்சகத்துக்கு அனுப்பிய மரண அறிவித்தல். குருநகர் செல்வரட்ணம் அவர்களுடையது. அதில் பிள்ளைகளின் வரிசையில் முதல் ஆளாக இப்படி நின்றது: காலஞ்சென்ற ஜெயசுதன்.

ஜெயசுதன் செத்தான் என்று யாருக்கும் தெரியாது. இருக்கிறான் என்றும் யாருக்கும் தெரியாது. இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிகிற நேரம், அவன் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ஆமிப் பக்கம் நடந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவனுடைய தாயின் பெயர் யோசப்பின்; யோசப்பின் அன்ரி பதினாறு வருசமாக மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனுசி. அவன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை ஒருநாளும் போடமாட்டேன் என்று நான் அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன்.

என் பெயர் தர்சினி. வீட்டிலிருந்தபடியே மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாள் நினைவு மலரும் அடித்துக் கொடுக்கிறேன். கலியாண அட்டை அடிக்க ஒரு குருவியும் என்னிடம் வராது; ராசியில்லையாம். ஊரில் சாகிறவர்கள் எல்லாரும் என்னிடம் பதிந்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும் என்று என் மனுசன் கிறிஸ்ரி பகிடி விடுவார்.

என் கொம்பியூட்டரின் உள்ளே இருந்த டிஸ்க் செத்து ஒன்பது வருசம். உப்புக் காற்றில் இரும்பே நிற்காது, டிஸ்க் எங்கே நிற்கும்? வேறு வாங்காமல் சீடியிலிருந்தே எழும்பும் ஒரு இயங்குதளத்தைப் பிடித்துக்கொண்டேன். சீடியைப் போட்டால் எல்லாம் வரும், அணைத்தால் எல்லாம் போய்விடும். சீடிக்கு ஞாபகம் கிடையாது. அதனால் என்னுடைய சொந்த அமைப்புகளை மட்டும் ஒரு பென்ரைவில் ஒரே கோப்பாக வைத்திருந்தேன். என் விரலுக்குப் பழகிய விசைப்பலகை, எழுத்துருக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக என் சுருக்கச்சொல் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அந்தப் பட்டியல்தான் என் தொழிலே. மூன்று எழுத்துத் தட்டினால் ஒரு குடும்பம் முழுக்க வரிசையில் வந்து நிற்கும். யார் யாருடைய மருமகன், யார் கனடா, யார் பிரான்ஸ், யார் காலஞ்சென்றவர், எல்லாம் சரியான ஒழுங்கில். இந்த ஒழுங்கில் பிழை வந்தால் குருநகரில் செத்த வீடு சண்டை வீடாகிவிடும். பெறாமகனின் பெயர் மருமகனுக்குப் பின்னால் போனதென்று சவப்பெட்டியைத் தூக்க வராமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஏழு வருசத்துக்கு முன்பு செல்வரட்ணம் அண்ணையின் தாய் மோசம்போனபோதுதான் அந்தக் குடும்பத்தைப் பட்டியலில் ஏற்றினேன். பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லும்போது அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஜெயசுதனுக்குக் காலஞ்சென்ற எண்டு போடு பிள்ளை" என்றார். நானும் போட்டேன். பெரிய வேலை முடிந்தது, பத்திரமாக இருக்கட்டும் என்று அன்றைக்கே கோப்பின் பிரதியொன்றை இன்னொரு பென்ரைவில் எடுத்து, மெசினின் பின்பக்கம் குத்தி வைத்தேன்.

அடுத்த நாள் காலமை யோசப்பின் அன்ரி மாதிரித்தாளோடு வந்தார். மீன் கழுவின கை, ஈரம் காயவில்லை.

"என்ரை பிள்ளையை நீ ஏன் சாக்காட்டுறாய்?" என்றார். "தேப்பன் களைச்சுப்போனார். நான் களைக்கேல்லை. அவன் செத்தவன் எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச ஆரும் வந்து சொல்லுற வரைக்கும் அவன்ரை பேருக்கு முன்னாலை அந்தச் சொல்லைப் போடாதை. சத்தியம் பண்ணு."

"சத்தியமாப் போடமாட்டன் அன்ரி" என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே பட்டியலைத் திறந்து சொல்லை அழித்தேன். அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், அழிந்ததைப் பார்த்த பிறகுதான் போனார். பின்பக்கத்துப் பிரதியின் எண்ணம் எனக்கு வரவேயில்லை. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே குட்டவேணும் போலிருக்கிறது.

போன கிழமை அந்தப் பழைய சீடி என் கழுத்தை அறுத்தது. வட்ஸ்அப்பைக் கொம்பியூட்டரில் திறக்கப்போனால், உன் சாமான் பழசு, போய் வேறு கொண்டுவா என்றது. வட்ஸ்அப் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. படம் லண்டனில் இருந்து வரும், பெயர்கள் கனடாவில் இருந்து வரும், பிழை பிடிப்பவர் பாரிசில் இருப்பார். புதிய பதிப்பை இறக்கிச் சீடியில் எழுதினேன். சீடியை மாற்றுவது ஒரு வேலையே இல்லை. என் பயமெல்லாம் அமைப்புகள் புதியதற்குள் வந்துசேருமா என்பதுதான். பட்டியல் போனால் நானூறு குடும்பத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறவேண்டும்.

புதிய சீடி எழும்பி, ஒரு கேள்வியோடு நின்றது. பழைய அமைப்புக் கோப்புகள் இரண்டு கிடைத்திருக்கின்றன, எதைப் புதிய பதிப்புக்கு மாற்றவேண்டும் என்று கேட்டது. பழைய சீடி முன்பக்கத்துப் பென்ரைவை மட்டும் பார்க்கும். புதியது மூலைமுடுக்கெல்லாம் தேடுகிற சாதி. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர். பக்கத்தில் திகதி. ஒன்றில் 2018 என்றிருந்தது, மற்றதில் 2003. பிந்தினதுதானே நான் பாவிக்கிறது என்று 2018ஐத் தெரிவு செய்தேன்.

எல்லாம் வந்தது. மாதா படம் பின்னணியில் வந்தது, என் விசைகள் இருந்த இடத்தில் இருந்தன, எழுத்துருக்களில் ஒரு புள்ளி பிசகவில்லை. நான் கையைத் தட்டிச் சிரித்தேன். "பாத்தீரே, ஒண்டும் போகேல்லை!" என்று கிறிஸ்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இறால் உரித்துக்கொண்டிருந்தவர், "கெட்டிக்காரிதான்" என்றார்.

இரண்டாம் நாள் செல்வரட்ணம் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். மகள் றஜிதா பாரிசில் விமானம் ஏறிவிட்டாள். அடுத்த நாள் பின்னேரம் திருப்பலி, பிறகு சேமக்காலையில் அடக்கம். அச்சகத்துக்கு அனுப்ப எனக்கு மூன்று மணித்தியாலம் இருந்தது. சுருக்கத்தைத் தட்டினேன். குடும்பம் பாய்ந்து வந்து நின்றது. மருமகன் தேனுஜனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தன் பெயருக்குப் பக்கத்தில் பிரான்ஸ் இருக்கிறதா என்று பார்த்தவர், படத்தில் மாமாவின் தலைமயிரைக் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னார். நான் திருப்பலி நேரத்தைப் பார்த்தேன், சேமக்காலையைப் பார்த்தேன், தொலைபேசி எண்களைப் பார்த்தேன். அந்த நோட்டீசில் மட்டும் பதினொரு காலஞ்சென்ற. பதினொன்றில் ஒன்றைக் கண் எப்படிப் பிடிக்கும்? எல்லாரும் இருக்கிறவர்களைத்தான் தேடினோம். செத்தவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அச்சகத்தில் இருந்து வந்த நூற்றியிருபதையும் காலமையே கிறிஸ்ரி ஒட்டி முடித்தார். நான் பத்து மணிக்குச் சந்தைக்குப் போனேன்.

சுவரைப் பார்த்து நின்றவள் எப்படி வீட்டுக்கு வந்தேனோ தெரியாது. மெசினைப் போட்டு, பட்டியலைத் திறந்தேன். போன வருசம் ஏற்றிய குடும்பங்கள் ஒன்றுமில்லை. அதற்கு முந்தின வருசமும் இல்லை. 2018 ஆவணிக்குப் பிறகு நான் தட்டிய ஒரு எழுத்தும் அதில் இல்லை. அப்போதுதான் மண்டையில் ஏறியது. என் மெசினின் மணிக்கூட்டுப் பற்றறி செத்து ஆறு வருசம். அன்றிலிருந்து எப்போது எழுப்பினாலும் அதற்கு 2003 தை முதலாம் திகதிதான். நேற்றுவரை பாவித்த கோப்பு 2003 என்றுதான் நிற்கும். நான் தூக்கி வந்தது அந்தப் பழைய பிரதி. அன்ரி வந்து நிற்பதற்கு முதல் நாள் எடுத்தது.

"இஞ்சேரும், ஓடும்! நோட்டீஸ் ஒண்டும் விடாமல் கிழியும்!" என்று நான் போட்ட சத்தத்தில் கிறிஸ்ரி சேட்டுக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்தார். நான் செத்த வீட்டுக்கு ஓடினேன். அன்ரி வீட்டை விட்டு வெளியில் வந்திருக்கமாட்டார், இன்னும் பார்த்திருக்கமாட்டார் என்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டே ஓடினேன்.

பெட்டி விறாந்தையில் இருந்தது. பெண்கள் சுற்றியிருந்து செபமாலை சொன்னார்கள். தலைமாட்டில் இருந்த யோசப்பின் அன்ரியின் மடியில் அந்த நோட்டீஸ், ஆரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவர் என்னைக் கண்டார், எழும்பினார். என் மணிக்கட்டைப் பிடித்து, சனத்துக்குள்ளால் இழுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அடி விழப்போகிறது என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். விழுந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன்.

அவர் அடிக்கவில்லை. என்னுடைய இரண்டு கையையும் பொத்திப் பிடித்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

"எங்கையாம் பிள்ளை?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் அழமாட்டன். கத்தமாட்டன். எங்கை எண்டு மட்டும் சொல்லு."

"அன்ரி..."

"உனக்கு ஆரோ வந்து சொல்லியிருக்கினம். உன்னட்டைத்தானே எல்லாச் சாவும் வாறது. நிச்சயமாத் தெரியாமல் நீ போடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நீ சத்தியம் பண்ணினனி." அவர் குரல் தணிந்தது. "காலமை கண்டவுடனை நெஞ்சு நிண்டு போச்சுது. பிறகு யோசிச்சன், தேப்பன் போற நேரம் பாத்துச் செய்தியும் வந்திருக்கு எண்டு. பங்குச் சுவாமியிட்டை ஆள் அனுப்பிப் பூசையிலை அவன்ரை பேரையும் சேக்கச் சொல்லிப்போட்டன். இரண்டு பேருக்கும் ஒண்டாச் செபிக்கட்டும். இப்ப சொல்லு. எலும்பு கிடைச்சதே? ஆர் கண்டது?"

குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். என்னை நம்பினதற்கு நான் என்ன செய்வேன்? ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிடலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன், அதை மறைக்கமாட்டேன். எங்கோ ஒரு இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் இந்த மனுசி இன்றைக்கு இரண்டு பேரையும் வழியனுப்பிவிட்டுப் படுக்கலாம். வாய் வரவில்லை.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. என்ரை பிழை. கொம்பியூட்டருக்குப் புதுசு போட்டனான். போடேக்கை பழைய கோப்பை எடுத்திட்டன். அண்ணை முந்திச் சொன்ன அந்தச் சொல் அதுக்குள்ளை கிடந்திருக்கு. அதுதான் வந்திட்டுது."

"கொம்பியூட்டரோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப ஒருத்தரும் வரேல்லை?"

"இல்லை."

"இன்னும் தெரியாது?"

"தெரியாது அன்ரி."

அவர் என் கையை விட்டார். அடுப்படியில் கிடந்த பலகையில் மெல்ல இருந்தார். பதினாறு வருசத்தில் அந்த ஒரு காலமைதான் அவருக்கு மகன் செத்திருந்தான். இப்போது அவன் திரும்பவும் காணாமல் போனான், என் கண்ணுக்கு முன்னால், என் வாயால். நான் விம்மி அழத் தொடங்கினேன். அழவேண்டியவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே செபமாலை முடிந்து, யாரோ பாட்டெடுத்தார்கள். அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாமலே.

"அழாதை பிள்ளை. நேரம் போகுது" என்றார். "ஓடிப்போய்ச் சுவாமியிட்டைச் சொல்லு, செத்தவையின்ரை பேருக்குள்ளை இருந்து அவனை எடுக்கச் சொல்லி."