சாவிப் பெட்டிக்குச் சந்தனம்

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். கம்ப்ரசருக்கு, கேன்டீன் கிரைண்டருக்கு, முதலாளியின் காருக்கு. சாவிப் பெட்டியை மட்டும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் செய்வது, வண்டிக்குள் உட்கார்ந்து இன்டர்நெட்டோடு பேசும் கருவி. ஒவ்வொன்றின் சிப்பிலும் ஒரு ரகசியச் சாவி ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் எவனோ எங்கிருந்தோ உங்கள் பிரேக்கோடு பேசுவான். அந்தச் சாவிகள் பிறப்பது கண்ணாடி அறையில் இருக்கும் சாவிப் பெட்டியில். மூடியைத் திறந்தால் திருடன் என்று நினைத்து உள்ளே இருப்பதையெல்லாம் தானே அழித்துவிடும். மனிதர்களை நம்பாத பெட்டி. எனக்குப் பிடிக்கும்.

சூப்பர்வைசர் கலியமூர்த்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "கோகுலு, உன் கார்டக் குடுரா. அது ஒண்ணுதான் பாக்கி கீது."

"வெளிய மட்டும் வைங்கண்ணா."

"பொட்டு வெக்க எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

அறைக்கதவு என் கார்டுக்குத்தான் திறக்கும். யாருக்கும் தரக்கூடாது. பொரி வரிசையில் எனக்கு முன்னால் மூன்றே பேர். கொடுத்துவிட்டேன்.

பொரியோடு கண்ணாடி அறைக்குப் போனபோது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூடி திறந்துகிடந்தது. உள்ளே ஃபேன் மேல் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம்.

"உள்ள ஒரே தூசிடா," என்றார் கலியமூர்த்தி. "தொடைக்காம எப்டி வெக்கிறது?"

செக்யூரிட்டி இன்ஜினியர் வித்யா பட்டுப்புடவையில் ஓடிவந்தார். சந்தனத்தைத் துடைத்தார், மூடியை மூடினார், திரையில் பதிவைப் பார்த்தார். "கோகுல்நாத் கார்டுன்னு காட்டுது."

கலியமூர்த்தி டியூப் லைட்டைப் பார்த்தார். அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். நான்தான் திறந்தேன் என்று அறிக்கை போனால் வாசல் கேட்டோடு சரி.

"அழிஞ்ச சாவிக்கெல்லாம் பேக்கப் இருக்கு," என்றார் வித்யா. "அதை ஏத்த ரெண்டு பேர் ரகசிய நம்பர் வேணும். என்னுது போட்டாச்சு. ரெண்டாவது உங்களுது, போடுங்க. திங்கக்கிழமை ஆயிரத்து இருநூறு பீஸ் போகணும்."

கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். "மொதல்ல அறிக்கை மேடம். யார் தொறந்தாங்கன்னு எழுதுங்க."

"டேய், மெரட்டுறியா?" என்றார் கலியமூர்த்தி.

"யார் தொறந்தாங்கன்னு நீங்களே சொன்னா நம்பரப் போட்டுடறேண்ணா."

வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். ஒருவன் வழுக்கி விழுந்தான், நாலு பேர் சிரித்தார்கள்.

"நான்தான் மேடம் தொறந்தேன்," என்றார் கலியமூர்த்தி, கிண்ணத்தைப் பார்த்து.

வித்யா அறிக்கையைத் தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். திறந்தவர் கலியமூர்த்தி. கார்டு கொடுத்தவர் கோகுல்நாத்.

"ரெண்டாவது வரி வேணுமா மேடம்?"

"பொய்யா?"

நம்பரைப் போட்டேன். பச்சை எரிந்தது.

கலியமூர்த்திக்கு மெமோ. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. சாயங்காலம் ஆவடி பஸ்ஸில் பக்கத்தில் இடித்து உட்கார்ந்து, "நீ நல்லா வருவடா," என்றார். திட்டுகிறார் என்றுதான் நினைக்கிறேன்.