கழுகு முத்திரையும் நூற்று ஐம்பத்தோரு படிகளும்

எகிப்தின் தந்தா நகரில் அணுகல் ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்தின் வாசலில் இருந்த நான்கு படிகள், பிப்ரவரியில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் நூற்று ஐம்பத்தொன்றாக வளர்ந்தன. யாரும் செங்கல் இறக்கவில்லை, சிமெண்ட் குழைக்கவில்லை. அதே வாரங்களில் வெங்காய விலையும் ஏறியது. ஊர் பேசியது பெரும்பாலும் வெங்காயத்தைப் பற்றித்தான்.

அணுகல் ஆலோசகர் என்றால், ஒரு கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர முடிகிறதா என்று அளந்து பார்த்து, முடியாவிட்டால் எதை இடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர். அந்த வேலைக்குத்தான் ரிஹாப் படித்தாள். அப்பா மைக்ரோபஸ் ஓட்டுபவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் போன முதல் ஆள் அவள்தான், போனது சக்கர நாற்காலியில். சிவில் இன்ஜினியரிங் பட்டம், அதற்குமேல் நூற்றிருபது மணிநேரப் பயிற்சி, மேற்பார்வையில் ஐம்பது கட்டட ஆய்வுகள், இரண்டு எழுத்துத் தேர்வுகள். கதவின் அகலம், கைப்பிடியின் உயரம், கழிப்பறையில் நாற்காலி திரும்ப வேண்டிய வட்டம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பயிற்சியில் 'அனுபவ வகுப்பு' என்று ஒன்று உண்டு. நடப்பவர்கள் ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரமத்தை உணர வேண்டும். விதியில் விலக்கு இல்லை என்பதால் ரிஹாபையும் அவளுடைய நாற்காலியிலிருந்து இறக்கி, பயிற்சி நாற்காலியில் உட்கார வைத்து, சிரமத்தை உணர்ந்ததற்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு எட்டு.

மிச்சமிருந்தது ஒன்றுதான். விண்ணப்பதாரர் மூவர் குழுவின் முன் நேரில் வர வேண்டும். அவர்கள் ஒரு கேள்வியாவது கேட்டு, உரிமத்தில் அரசின் கழுகு முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அறை நான்கு படிகளுக்கு மேலே இருந்தது. புதிதாகத் திறக்கவிருந்த குழந்தைகள் மருத்துவமனை ரிஹாபுக்காக ஓர் இடத்தை ஏப்ரல் முப்பது வரை வைத்திருந்தது. அதற்குள் உரிமம் வராவிட்டால் கெய்ரோவிலிருந்து ஒருவர் வருவார். அவர் வரைந்த சாய்தளங்களைப் பார்த்தவர்கள், அவற்றில் பனிச்சறுக்கு விளையாடலாம் என்றார்கள்.

முதல் நாள், குழுவில் ஒருவரான இயக்குநர் உஸ்தாத் வக்தி வாசல்வரை வந்து, மிகவும் மரியாதையாக, "நாளைக்கு வாங்கம்மா, இன்ஷா அல்லாஹ் ஒரு ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார். மறுநாள் போனபோது படிகள் ஐந்தாக இருந்தன. ரிஹாப் டேப்பை எடுத்து அளந்தாள். பதினைந்து சென்டிமீட்டர், பிசிறில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். அந்தக் கட்டடத்திலேயே மட்டமாக இருந்தது அந்தப் படி ஒன்றுதான்.

ஒன்பது முறை நாளைக்கு என்றார்கள், படிகள் பதின்மூன்றாயின. காரணத்தை முதலில் கண்டுபிடித்தது வாயிற்காவலர் ஷஹாத்தா.

"இன்ஜினியரம்மா, அந்த வார்த்தையைச் சொல்றப்பத்தான் கல்லு முளைக்குது. நான் என் கண்ணால பாத்தேன்."

"அப்போ சொல்லாம இருக்கச் சொல்லுங்க மாமா."

"சொல்லாம எப்படிம்மா ஆபீஸ் நடத்துறது?"

ஆனாலும் சுற்றறிக்கை வந்தது. நாளை என்ற சொல்லை யாரும் வாசலில் பயன்படுத்தக் கூடாது. வக்தி கீழ்ப்படிந்து, "அடுத்த வாரம்" என்றார். ஏழு படிகள். "பெருநாள் கழியட்டும்" என்றார். பெருநாளுக்கு முப்பத்தொரு நாட்கள் இருந்தன; முப்பத்தொரு படிகள் பட்டாணி உதிர்வதுபோல வரிசையாகச் சத்தம் போட்டு எழுந்தன. பெருநாளும் கழிந்தது. ரிஹாபின் அம்மா சுட்ட கஹ்க் பிஸ்கட்டில் ஒரு டப்பா வாங்கிக்கொண்ட வக்தி, வாயில் தூளோடு, "ஜூலையில புது பட்ஜெட் வருது, சாய்தளம் கட்டிடுவோம்" என்றார். அன்றைக்கு ஜூலை ஒன்றுக்குச் சரியாக நூறு நாள் பாக்கி. கட்டடம் அவரையும் தூக்கிக்கொண்டு மேலே போனது.

"பிஸ்கட்டாவது கீழ வச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் ரிஹாப்.

சும்மா இருக்கவில்லை அவள். நூற்று ஐம்பத்தோரு படிகளுக்கு இருநூற்று எழுபத்திரண்டு மீட்டர் சாய்தளம் வேண்டும், ஒன்பது மீட்டருக்கு ஒரு இளைப்பாறும் மேடை வேண்டும், அது கொண்டைக்கடலை மிட்டாய்க் கடையைச் சுற்றி, வங்கியின் மொட்டைமாடி வழியாகப் போகலாம் என்று வரைபடம் போட்டுக் கூடையில் மேலே அனுப்பினாள். கூடை அப்போது வழக்கத்துக்கு வந்திருந்தது. ஊழியர்கள் ஃபூல் என்ற அவரைக்கொட்டை மசியல் வைத்த ரொட்டியை அதில்தான் இழுத்துக்கொண்டார்கள். வரைபடம் 'நன்று' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. முத்திரையில்லை.

"உங்க ரெண்டு பசங்களையும் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று ஷஹாத்தா அவள் அப்பாவிடம் கேட்டார்.

"என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போயி, தடையில்லாம வந்தேன்னு கையெழுத்து வாங்கணுமா? அதுக்கு நான் படிச்சிருக்கவே வேண்டாம்" என்றாள் ரிஹாப். அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் கொண்டுவந்து விட்டார்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி வக்தியின் வலது முழங்கால் போனது. வீட்டிலிருந்து வந்தவர் முதல் படியில் கால் வைத்ததும் சாக்கு சரிவதுபோல உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் வந்து கட்டுப் போட்டு, ஆறு மாதம் படியே ஏறக் கூடாது என்று எழுதினார். அந்த மருத்துவ விடுப்புக்கும் விண்ணப்பதாரர் குழுவின் முன் நேரில் வர வேண்டும். அதற்கும் கழுகு முத்திரை வேண்டும். வக்தியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ரிஹாபுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இருவரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள்.

"என்ன உஸ்தாத், அனுபவ வகுப்பா?" என்றாள்.

அவர் மேலே பார்த்து ஒரு கத்துக் கத்தினார். பதினோரு நிமிடத்தில் முத்திரை ரொட்டிக் கூடையில் இறங்கியது. மற்ற இரண்டு உறுப்பினர்களும் பின்னாலேயே மூச்சிரைக்க இறங்கி வந்தார்கள். அறையை விட்டுப் போகக் கூடாது என்ற விதி எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாக அவள் கேட்ட கேள்வி அது.

விடுப்புத் தாளில் குத்திவிட்டு முத்திரையை மூடப் போனபோது, ரிஹாப் தன் கோப்பைத் திறந்து முத்திரைக்கு அடியில் நீட்டினாள்.

"குழு இருக்கு, முத்திரை இருக்கு, நான் நேர்ல இருக்கேன். கேளுங்க."

"என்னம்மா கேக்கறது?" என்றார் வக்தி.

"உங்களுக்குத் தெரியாதது எதையாவது கேளுங்க."

அவர் தன் முழங்காலைப் பார்த்தார். "இந்தக் கட்டை வச்சிக்கிட்டு நான் வீட்டு பாத்ரூமுக்கு எப்படிப் போறது?"

கதவை எந்தப் பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும், கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்த வேண்டும் என்று அவள் இருபது நிமிடம் சொன்னாள். அவர் விடுப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு உரிமத்தில் முத்திரை விழுந்தது.

அதன்பின் முத்திரையை மேலே கொண்டுபோக யாரும் முன்வரவில்லை. குழு இப்போது நடைபாதையில், மிட்டாய்க் கடையின் துணிப்பந்தலுக்குக் கீழே, ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை உட்காருகிறது. இரண்டு காலும் நன்றாக இருப்பவர்களும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். படிகள் குறையவில்லை, மேலே ஷஹாத்தா புறா வளர்க்கிறார். மே மாதம் வேலையில் சேர்ந்த ரிஹாப், முதல் அறிக்கையை அந்த அலுவலகத்தைப் பற்றியே எழுதினாள். நடைபாதையில் நடக்கும் அலுவலகம் விதிகளுக்கு இணங்குகிறது. மேலே இருப்பது புறாக்கூடு. அதற்கு இந்த விதிகள் பொருந்தா.