நடுநிலை மாமா

என் அக்காவின் கணவர் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரி. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு வந்தால் இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசவைப்பது அவர் வேலை. அங்கே யாரைப் பேசவைத்தாரோ தெரியாது, வீட்டில் அந்த வேலையைப் பற்றிப் பேசியே எங்கள் உயிரை வாங்குவார். "நான் யார் பக்கமும் இல்ல, நியாயத்தோட பக்கம்" என்பது அவர் தினமும் பல் தேய்ப்பதுபோல் சொல்லும் வாக்கியம்.

அக்காவுக்கும் அவள் மாமியாருக்கும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை வந்தால்கூட அவரிடம் போகும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், மாமியார் சொன்னபடி ஜன்னல் மூடியிருக்கும். நடுநிலை மாமா என்று நான்தான் பெயர் வைத்தேன். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

நான் விமானப் பணிப்பெண். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. விமானத்தின் கதவு மூடினால்தான் எங்களுக்குச் சம்பளம் ஓட ஆரம்பிக்கும். இறங்கிக் கதவைத் திறந்ததும் நின்றுபோகும். அதற்கு முன்னால் ஆக்சிஜன் சிலிண்டரையும் தீயணைப்புக் கருவியையும் சரிபார்ப்பது, யானைக்குட்டி கனத்தில் வரும் பெட்டிகளை மேலே ஏற்றுவது, ஒரே சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேரைப் பிரித்து உட்காரவைப்பது, பனிமூட்டம் என்று விமானம் கிளம்பாமல் நின்றால் அத்தனை பேரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பது, எல்லாமே தர்மத்துக்குச் செய்கிற சேவை. தரையில் நிற்கிற நேரத்துக்கும் சம்பளம் கொடு என்று கேட்டோம். கேட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியாகக் கம்பெனி கால் பங்கு தருகிறேன் என்றது. பிச்சைக்காரனுக்கும் முழுக் காசுதானே போடுகிறார்கள் என்று எங்கள் தலைவி சொன்னாள். வேலைநிறுத்தம் தொடங்கியது.

தலைவி எங்களுக்கெல்லாம் மூத்தவள். குடித்துவிட்டுக் கூச்சல் போடும் பயணிகளைக் காலமெல்லாம் சமாளித்தவள் என்பதால் குரலை உயர்த்தவே மாட்டாள். அவள் பேசப் பேச எதிரில் இருப்பவர்தான் கத்த ஆரம்பிப்பார்.

மறுநாளே அரசாங்கம் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டது. நடத்தி வைக்கப்போகிறவர் மாமா. பேச்சுக்குப் போகும் எங்கள் குழுவில் நானும் இருந்தேன். உறவுக்காரி எதிரில் உட்காரலாமா என்று கம்பெனிக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று நினைத்தேன். மாமாவே முந்திக்கொண்டு எழுந்து, இந்த அம்மா என் மனைவியின் தங்கை, இது என் நடுநிலைக்கு வந்த சோதனை, இதில் நான் தேறுவேன் என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தார். கம்பெனி வக்கீல் தாராளமாகத் தலையாட்டினார். அந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பேச்சு நடந்தது தொழிலாளர் துறைக் கட்டடத்தின் நாலாவது மாடியில். கண்ணாடி போட்ட நீள மேஜை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. கம்பெனி பக்கத்து நாற்காலிகளுக்குச் சக்கரம் இருந்தது, எங்கள் பக்கத்து நாற்காலிகளுக்கு இல்லை. தலைவி ஒவ்வொரு கோரிக்கையாக எடுத்துச் சொன்னாள். வக்கீல் ஒவ்வொன்றுக்கும் "யோசிக்கிறோம்" என்றார். கால் பங்கிலிருந்து ஒரு நூல்கூட நகரவில்லை. நடுவே வக்கீல் தன் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார். விமானமெல்லாம் தரையில் நிற்கிறது, கம்பெனிக்கு மணிக்கு மணி நஷ்டம், இவரானால் பழம் உரிக்கிறார். மாமா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டு, குறிப்பெடுத்து, "நல்ல முன்னேற்றம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். அவளுக்குச் சூது வாது தெரியாது. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, சாயங்காலம் மறக்காமல் டிவி போட்டுப் பார் என்றாள்.

"ஏன், என்ன?"

"மாமா வர்றாராம். அமைச்சர் பக்கத்துல நிக்கப்போறாராம். காலையிலேயே கல்யாணக் கோட்டை எடுத்துத் தேய்க்கச் சொல்லிட்டார். உங்க பிரச்சினை இன்னைக்கு முடிஞ்சிடும்னு சொன்னார்டி, எனக்கு அப்பதான் நிம்மதியா இருந்துச்சு."

பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். சாப்பாட்டை மூடி வைத்தேன். காலையிலேயே கோட்டைத் தேய்த்தாயிற்று என்றால், முடிவு காலைக்கு முன்பே ஆகிவிட்டது. பின்னே இந்த மேஜை எதற்கு, இந்த வாளி எதற்கு, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குறிப்பெடுப்பது எதற்கு? பேச்சு நகராமலே பிரச்சினை இன்றைக்கு முடியும் என்றால், அது தடை உத்தரவாகத்தான் இருக்கும். அரசாங்கம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யப்போகிறது என்று கம்பெனிக்கும் தெரியும். தெரிந்த பிறகு எந்தக் கம்பெனி இறங்கி வரும்? அதனால்தான் வக்கீல் நிதானமாகத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறார்.

வராந்தாவில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மாமாவைப் பிடித்தேன். சாயங்காலம் டிவியில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் புரியாததுபோல் பார்த்தார். பிறகு, உன் அக்காவுக்கு வாயில் ஊசி நூல்தான் போடவேண்டும் என்றார். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று பார்த்தேன். தம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, இதெல்லாம் நிர்வாகம், உனக்குப் புரியாது என்றார்.

"முடிவு பண்ணிட்டு எங்களை எதுக்கு மாமா காலையில இருந்து பேச விடறீங்க?"

"பேச்சு நடந்துச்சுன்னு இருக்கணும்ல. பேச்சு தோத்துப்போச்சுன்னாதான் உத்தரவு போட முடியும். நான் என்ன பண்ண? மேல இருந்து வருது. நான் நடுவுல இருக்கறவன்."

"மேல இருந்து வர்றதை வாங்கிக் கீழ குடுக்கறவருக்கு நடுவுல இருக்கறவர்னு பேர் இல்ல மாமா. குழாய்னு பேர்."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "கோபத்துல பேசறே. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தலைவியிடம் சொன்னேன். எழுந்து வெளியே போய்விடலாம் என்று எங்களில் சிலர் துடித்தார்கள். தலைவி விடவில்லை. நாம் எழுந்தால் பேச்சை முறித்தது நாம்தான் என்று சாயங்காலம் சொல்வார்கள், அந்தச் சந்தோஷத்தையும் நாமே ஏன் தட்டில் வைத்துக் கொடுக்கவேண்டும் என்றாள். அதனால் பொழுது சாயும்வரை சக்கரமில்லாத நாற்காலிகளில் உட்கார்ந்து, பொய்க்குப் பேசும் பேச்சை மெய்யாகவே பேசினோம்.

சாயங்காலம் சங்க அலுவலகத்தில் எல்லாரும் டிவி பார்த்தோம். தொழிலாளர் துறை அமைச்சர் வந்தார். விமான நிலையத்தில் தரையில் படுத்திருக்கும் பயணிகளைப் பார்த்துத் தன் நெஞ்சு வெடிக்கிறது என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இந்த மனிதர் எங்கே போனாலும் தனி விமானம். பயணிகளோடு வரிசையில் நின்று அவரை யாரும் பார்த்ததில்லை. எத்தனையோ முயன்றும் பேச்சு தோற்றுவிட்டதால், மக்கள் நலனுக்காக வேலைநிறுத்தத்தைத் தடை செய்வதாகவும், நாளை மதியத்துக்குள் எல்லாரும் வேலைக்குத் திரும்பவேண்டும், மறுத்தால் வேலை போகும், சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போகவேண்டி வரும் என்றும் சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். அவர் தோளுக்குப் பின்னால் கல்யாணக் கோட்டில் எங்கள் மாமா. தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார்.

யாரோ டிவியை அணைத்தார்கள். பயம் இல்லாமல் இல்லை. எங்களில் புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி, உத்தரவை மீறினால் அப்பா வீட்டில் சேர்க்கமாட்டார் என்று அழுதாள். தலைவி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "நான் உள்ள போறதா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல, புள்ளைங்க வளர்ந்துட்டாங்க. ஆனா நீங்க உங்களுக்காக முடிவு பண்ணுங்க. எனக்காகப் பண்ணாதீங்க." கை தூக்கச் சொன்னாள். அந்த அழுத பெண்தான் முதலில் தூக்கினாள். திரும்பிப் போவதில்லை என்று முடிவாயிற்று.

மறுநாள் விமான நிலைய வாசலில் பதாகைகளோடு நின்றோம். வழியில் போன பயணிகள் சிலர் பேசிய பேச்சைக் காதில் வாங்க முடியாது. ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு சுகமாக இருக்கிறவளுகளுக்கு இன்னும் என்ன குறை என்றார் ஒருவர். அவர் பெட்டியை எத்தனை தடவை தூக்கியிருப்போமோ.

மதியம் அரசாங்க வண்டி வந்து நின்றது. உத்தரவை எங்கள் முன்னால் படித்துக் காட்ட யாரையாவது அனுப்பவேண்டுமாம். அமைச்சர் வரவில்லை, செயலாளர் வரவில்லை. குழாயை அனுப்பினார்கள். மாமா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, "இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கினார். தலைவி எல்லாரையும் பார்த்து வாயில் விரல் வைத்தாள். ஒருவரும் கூச்சலிடவில்லை. ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கம் திருப்பி, கடைசி வரி வரை படித்தார். எங்களில் யாராவது கல்லெறிந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படித்து முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒலிபெருக்கியோடு நின்றார். தலைவி, "வெயில்ல வந்து படிச்சீங்க, ரொம்ப நன்றி. வண்டியில போய் உக்காருங்க" என்றாள், சீட் பெல்ட் போடச் சொல்லும் அதே குரலில். மாமா போய் உட்கார்ந்தார். யார் சொன்னாலும் கேட்டுப் பழகியவர்.

வேலைக்கு யாரும் போகவில்லை. விமானங்கள் கிளம்பவில்லை. மிரட்டினால் காரியம் ஆகும் என்று நம்பியிருந்த கம்பெனிக்கு அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை பேரை எந்தச் சிறையில் வைப்பது என்று அமைச்சருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதே வக்கீல் தலைவிக்கு போன் செய்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் ஓர் அறை, அவர்களில் மூன்று பேர், எங்களில் என்னையும் சேர்த்து மூன்று பேர். நடுவில் யாரும் இல்லை. வக்கீல் கையில் இந்தத் தடவை ஆரஞ்சு இல்லை. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. தரையில் நிற்கும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம், போகப் போக ஏற்றம், யார் மேலும் வழக்கில்லை. முழுசு கிடைக்கவில்லை என்று எனக்குக் குறைதான். ஆனால் அரசாங்கம் மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் இதே பாதி முதல் நாளே அந்த மேஜையில் வந்திருக்கும், அத்தனை பயணிகள் தரையில் படுத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும்போது வக்கீலே இதைச் சொன்னார், கொஞ்சங்கூடக் கூசாமல்.

அன்றைக்குச் செய்தியில் அமைச்சர் வந்து, அரசின் உறுதியான தலையீட்டால் சுமுகத் தீர்வு ஏற்பட்டது என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுகூட இல்லை. காக்கை உட்காரவே இல்லை. பழம் விழுந்தபின் பறந்து வந்து, நான்தான் தள்ளினேன் என்றது. சில வாரங்களில் மாமா தலைமைச் சமரச அதிகாரி ஆனார்.

பதவி உயர்வுக்கு வீட்டில் விருந்து வைத்தார்கள். அக்காவுக்காகப் போனேன். விஷயத்தை என்னிடம் உளறிவிட்டாள் என்று மாமா அவளோடு அத்தனை நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதவி வந்தபிறகுதான் பெரிய மனசு பண்ணி மன்னித்தாராம்.

சாப்பிட உட்கார்ந்ததும் தன் சொந்தக்காரர்களிடம் கதையை ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் மலைபோல் நின்றார்களாம், இவர் ஒருவராக நடுவில் நின்று இரண்டு மலையையும் நகர்த்தினாராம். அந்த ஹோட்டல் அறையில் நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் சொன்னார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா அவர் பின்னால் வந்து நின்றாள்.

"நீங்க அந்த ரூம்லயே இல்லயேங்க" என்றாள்.

கேலி இல்லை, கோபம் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். சொந்தக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அக்காவின் மாமியார் செருமினாள். மாமா ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, இவளுக்கு நிர்வாகம் தெரியாது என்று சிரித்தார். சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அவமானம்கூட நுழைய இடமில்லாத உடம்பு.

கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொழில் தகராறுகளைத் தீர்ப்பது எப்படி என்று வெளியூரில் ஒரு மாநாட்டில் பேசப்போகிறாராம். அவர் போகும் செலவு அரசாங்கத்தினுடையது. அக்காவையும் அழைத்துப் போனால் ஊரில் கௌரவமாக இருக்கும், என் குடும்பத்துக்குக் கம்பெனி தரும் சலுகை டிக்கெட்டில் ஒன்றை அவளுக்குப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்.

"அக்காவுக்குத் தர்றேன் மாமா. ஆனா மாநாட்டுக்கு இல்ல" என்றேன்.

அவர் தன் மாநாட்டுக்குப் போன வாரத்தில் அக்கா என்னோடு கிளம்பினாள். கடல் இருக்கும் ஓர் ஊருக்கு எனக்குப் பணி விழுந்திருந்தது, அங்கே இரண்டு நாள் தங்கல். அவள் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். பின்னால் வரிசை நெருக்கியது. அவள் நகரவில்லை. என் காதருகே குனிந்து, "இப்ப உனக்குச் சம்பளம் ஓடுதாடி?" என்று கேட்டாள்.

"பாதி ஓடுதுக்கா."

"அப்ப பாதி சிரிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் ஜன்னல் சீட்டைத் தேடிக்கொண்டு போனாள்.